ஸ்பீக்கர் பாக்ஸுக்கு வீட்டிலேயே கார்பெட்: மூலை மட்டும் அடங்க மாட்டேங்குது

டிக்கித்தாளம்:
மக்களே, ஒரு உதவி. கார் டிக்கியில வைக்க, 12 இஞ்ச் சப் வூஃபருக்கு (பாஸ், அதான் கனமான கீழ்ஸ்தாயி சத்தத்துக்கான ஸ்பீக்கர்) காத்துப் போகாத மூடின பாக்ஸ் ஒன்னு நானே செஞ்சேன். 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை). அகலம் 50, உயரம் 35, ஆழம் 35 செ.மீ. மரவேலைல இதுதான் முதல் தடவை, ஆனாலும் மூட்டெல்லாம் நல்லாவே உட்கார்ந்திருச்சு. கார்பெட் ஒட்டுறது கடைசி வேலை, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்னு நினைச்சேன். நேத்து ராத்திரி முழுக்க அதோட மல்லுக்கட்டினதுதான் மிச்சம்.

ஹாலுக்குப் போட்டது போக மீந்த கார்பெட் இருந்தது. சாம்பல் கலர், அடியில ரப்பர் மாதிரி ஒரு படலம். சமமான இடத்துல ஒட்டுது. விளிம்புல மடக்கினா ஸ்ப்ரிங் மாதிரி எழுந்து நிக்குது. மூலையில யானைக் காது மாதிரி ஒரு மடிப்பு. இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் புடைக்குது. கடையில வர்ற பாக்ஸ்ல மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமா இருக்கு?

மரத்தூள்:
முதல்ல அந்த ஹால் கார்பெட்டைப் பிரிச்சு எடுங்க தம்பி. கோளாறு உங்க கையில இல்ல, துணியில. தரைக்குப் போடறது நெளியவே கூடாதுன்னுதான் அடியில ரப்பரோ கெட்டித் துணியோ வெச்சுச் செய்யறாங்க. நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர்.

கார் டிக்கியோட உள்பக்கம் ஒட்டியிருக்குமே, அந்த ஜாதி வாங்குங்க. நெய்த துணி இல்ல அது. பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் இழையை ஊசியால குத்திக் குத்திப் பிணைச்சது. அடியில படலம் கிடையாது. ரெண்டு கையால பிடிச்சு இழுத்தா இழுபடணும், கடையிலயே இழுத்துப் பாருங்க. நெசவு இல்லாததால வெட்டின ஓரத்துல நூல் பிரியாது, அதனால ஓரத்தை மடிச்சுத் தைக்கிற வேலையும் இல்ல. 3 மி.மீ. கனம் போதும்.

ஒரு மீட்டர் அகல ரோல்னா உங்களுக்கு ஒன்றரை மீட்டர் நீளம் தாராளம். முன், மேல், பின், அடி நாலையும் ஒரே பட்டையால சுத்தணும். சுற்றளவு 140, ஒன்னு மேல ஒன்னு ஏற 5 சேர்த்தா 145. பட்டையோட அகலம் 50, ரெண்டு பக்கமும் மடிக்க அஞ்சஞ்சு, ஆக 60. ரோல்ல பக்கவாட்டுல 40 மிஞ்சுதா? 35-க்கு 35 இருக்கிற ரெண்டு பக்கப் பலகைக்கும் 40-க்கு 40 துண்டு அதுலயே வந்துடும். ஆனா வெட்டறதுக்கு முன்னாடி துணி மேல உள்ளங்கையைத் தடவுங்க. ஒரு திசையில தடவினா வழுக்கும், எதிர்த் திசையில சொரசொரக்கும். துண்டுக்குப் பின்னால சாக்பீஸால அம்புக்குறி போட்டு வைங்க. ஒரு துண்டு தலைகீழாப் போனாலும் வெளிச்சத்துல வேற கலர் மாதிரி தெரியும், அப்புறம் எதுவும் பண்ண முடியாது.

பழையகேசட்:
கருப்பு பெயிண்ட் அடிச்சுட்டு வேலையைப் பாருங்க. கார்பெட்னா தூசி, மண், முடி எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். ஒரு தடவை டிக்கியில தண்ணி கேன் சரிஞ்சா ஒரு வாரம் நாறும்.

இரண்டுஓம்:
பெயிண்டுக்கு எம்டிஎஃப் விளிம்பை மூணு தடவை பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். ஸ்க்ரூ தலை, மூட்டுக் கோடு, பிசிறு எல்லாம் பல்லிளிக்கும். கார்பெட் அத்தனையையும் மறைத்துவிடும். முதல் தடவை செய்பவருக்கு அதுதான் லாபம். போதாக்குறைக்கு டிக்கிக்குள் சாமான் உரசினால் பெயிண்டில் கீறல் விழும்.

பழையகேசட்:
அப்ப மரவேலையில இருக்கிற கோளாறை மறைக்கத்தான் கார்பெட்னு ஒத்துக்கிறீங்க.

இரண்டுஓம்:
ஆமாம், அதில் என்ன வெட்கம்?

நிழல்பார்க்கிங்:
துணியைப் பத்திச் சொல்லிட்டீங்க, பசையைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே. நான் பட்டதைச் சொல்றேன்.

என் முதல் பாக்ஸுக்கு, அட்டையும் தெர்மாகோலும் ஒட்டுற சாதா ஸ்ப்ரே பசை அடிச்சேன். சாயங்காலம் பார்த்தா அப்படியே தொழிற்சாலையில இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. போட்டோ எல்லாம் எடுத்தேன். மறுநாள் காரை வெயில்ல நிறுத்திட்டு நாலு மணி நேரம் கழிச்சு டிக்கியைத் திறக்கறேன், முன்பக்கத் துணி கீழ சரிஞ்சு தொப்பை போட்டு நிக்குது! கையால தூக்கி அமுக்கினா ஒட்டுது, விட்டா மறுபடியும் மெதுவா இறங்குது. மூடின காருக்குள்ள வெயில்ல 60 டிகிரி செல்சியஸ் தாண்டறதெல்லாம் சாதாரணம். அந்தச் சூட்டுல சாதா ஸ்ப்ரே இளகி ஜவ்வாயிடுது. ஸ்ப்ரேயே ஆகாதுன்னு சொல்லல. டப்பாவுல எத்தனை டிகிரி தாங்கும்னு போட்டிருந்தா அதைப் பார்த்து வாங்குங்க. ஒன்னும் போடலைன்னா வைச்சிட்டு வந்துடுங்க.

சுருள்கம்பி:
நான் மரப் பசைதான், அதான் வெள்ளைப் பசை. கொஞ்சம் தண்ணி கலந்து பிரஷ்ஷால தடவி, துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடிச்சுட்டு ஒரு நாள் விட்டுடுவேன். விலை குறைவு, நாத்தம் கிடையாது, கோணலா வெச்சுட்டா நகர்த்தியும் விடலாம். ஆறு வருஷமாச்சு, இன்னும் உரியல.

மரத்தூள்:
சுருள்கம்பி சொல்றதுல தப்பில்ல. எம்டிஎஃப் அந்தப் பசையை நல்லா உறிஞ்சும், துணியும் எடை இல்லாதது. ரெண்டு சங்கடம். தண்ணி கூடினா எம்டிஎஃப் விளிம்பு ஊறி உப்பிடும். பசை தாராளமானா துணி வழியா ஏறி மேல கெட்டித் திட்டாகி நிக்கும். அப்புறம் எத்தனை பிரஷ் போட்டாலும் போகாது.

என் கைக்கு வந்தது ரப்பர் பசைதான். செருப்புக்கும் லாமினேட் ஷீட்டுக்கும் போடுவாங்களே, மஞ்சளா, தேன் பதத்துல. அதுக்கு ஒரு குணம் உண்டு. ரெண்டு பரப்புலயும் பூசணும், பூசினதும் ஒட்டவே கூடாது. அவசரப்படறவங்க எல்லாரும் கோட்டை விடறது அங்கதான். ஈரமா ஒட்டினா கரைப்பான் உள்ள மாட்டிக்கும், ரெண்டு நாள் கழிச்சுக் கொப்புளம் மாதிரி எழும்பும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் காத்தாட விட்டுட்டு விரலோட பின்பக்கத்தை வெச்சுப் பாருங்க. பிடிக்கற மாதிரி இருக்கணும், ஆனா விரலை எடுத்தா பசை நூல் நூலா கூட வரக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் வைங்க, வெச்சா வெச்சதுதான். நகர்த்தல்லாம் முடியாது.

விளிம்புக்கு மட்டும் ரெண்டு பூச்சு. எம்டிஎஃப் பலகையோட முகம் வழவழன்னு இருந்தாலும் அறுத்த விளிம்பு பஞ்சு மாதிரி குடிக்கும். முதல் பூச்சு காணாமலே போயிடும். அது முழுசாக் காய்ஞ்சப்புறம் இன்னொன்னு போடுங்க. விளிம்புல தூக்குதுன்னு வர்ற புலம்பல்ல பாதிக்கு இந்த ரெண்டாவது பூச்சு போடாததுதான் காரணம்.

டிக்கித்தாளம்:
அண்ணே, ரப்பர் பசை வாங்கியாச்சு. புது கார்பெட்டும் வந்தாச்சு, இழுத்தா ஜோரா இழுபடுது. ஒரு சின்னப் பலகையில ஒட்டிப் பழகலாம்னு ரூமுக்குள்ளயே ஆரம்பிச்சேன். கால் மணி நேரத்துல தலை கிறுகிறுன்னு வந்துடுச்சு.

இரண்டுஓம்:
உடனே வெளியே எடுத்துக்கொண்டு போங்கள், விளையாட்டு இல்லை. இந்த வகைப் பசைகளில் டொலுயீன், ஹெக்சேன் மாதிரி கரைப்பான்கள் இருக்கும். ஹெக்சேனை மூடிய அறையில் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. தூசிக்குப் போடும் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. திறந்த மாடியோ வாசலோ பாருங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். அடுப்பு, சிகரெட், தீப்பொறி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

மரத்தூள்:
இப்ப மூலைக்கு வருவோம். பசையைத் தொடறதுக்கு முன்னாடி பாக்ஸோட எல்லா விளிம்பையும் 80 நம்பர் உப்புத்தாளால உருட்டுங்க. கத்தி மாதிரி இருக்கிற விளிம்புல துணி இழுபட்டு நிறம் வெளிறித் தெரியும், நாளடைவுல தேஞ்சு கிழியும். பென்சில் கனத்துக்கு உருண்டா போதும். வெளிய துருத்திட்டு நிக்கிற ஸ்க்ரூ தலையையும் உள்ள இறக்கிடுங்க. கார்பெட் குழியை மறைக்கும், மேட்டை மறைக்காது.

பட்டையை அடிப்பக்கத்துல, பின் விளிம்பை ஒட்டி ஆரம்பிங்க. பின், மேல், முன்னு சுத்தி அடிக்கே வந்து சேரணும். ஜாயிண்ட் அடியில இருந்தா எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்? ஒரு முகத்துக்கு மட்டும் பசை, ஒரு முகம் ஒட்டினதும் அடுத்தது. நடுவுல பட்டர் பேப்பர் வெச்சுட்டுத் துணியை விரிச்சு, நேரா இருக்கான்னு பார்த்துக்கிட்டு, பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமா உருவுங்க. நடுவுல இருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால அழுத்திட்டுப் போங்க. இழுபடுதேன்னு ரொம்ப இழுத்துடாதீங்க. சுருக்கம் எடுக்கற அளவுக்குத்தான் இழுக்கணும். ஓவரா இழுத்த துணி ராவோட ராவா பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்.

சுத்தி முடிச்சா ரெண்டு பக்கமும் 5 செ.மீ. நீட்டிட்டு நிக்கும். அதைப் பக்கப் பலகை மேல மடக்கும்போதுதான் நீங்க சொன்ன யானைக் காது வரும். அதை அமுக்கப் பார்க்காதீங்க, அடங்காது. ரெண்டு விரலால கிள்ளி நேரா நிமிர்த்தி, பாக்ஸோட முனையில இருந்து உள்நோக்கிச் சாய்வா, பலகையோட ஒட்டி பிளேடால அறுத்துடுங்க. நோட்டுக்கு அட்டை போடறப்ப மூலையை வெட்டுவோமே, அதே கதைதான். ரெண்டு ஓரமும் ஒன்னோட ஒன்னு முட்டி உட்காரும்.

கடைசியா பக்கத் துண்டு. மடக்கினதுல விளிம்புல இருந்து ரெண்டரை செ.மீ. வரைக்கும்தான் ஒட்டியிருக்கணும், மீதி சும்மா கிடக்கட்டும். அதுக்கு மேல பக்கத் துண்டை அப்படியே படர விட்டு, அம்புக்குறியைச் சரிபார்த்துட்டு, நாலு இடத்துல பின் குத்துங்க. விளிம்புல இருந்து 2 செ.மீ. உள்ளே இரும்பு ஸ்கேலை வெச்சு, புது பிளேடால ரெண்டு துணியையும் சேர்த்து ஒரே இழுப்புல வெட்டுங்க. மேல இருக்கிற ஓரத் துண்டைக் கழட்டுங்க, கீழ இருக்கிற உள் துண்டையும் உருவுங்க. ரெண்டையும் ஒரே வெட்டு வெட்டினதால இம்மியும் இடைவெளி இருக்காது. நீங்க கொஞ்சம் கோணலா வெட்டியிருந்தாலும் ரெண்டும் ஒரே கோணல்தான், பொருந்திடும். இப்ப பசை போட்டு ஒட்டிட்டு, ஜாயிண்ட் மேல பழைய பல் துலக்கற பிரஷ்ஷால குறுக்கும் நெடுக்கும் தேய்ச்சு விடுங்க. இழை ரெண்டும் கலந்து கோடு மறைஞ்சிடும்.

பிளேடு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ரெண்டு வெட்டுக்கு ஒரு தடவை முனையை ஒடிச்சுடுங்க. மழுங்கின பிளேடு துணியை வெட்டாது, தள்ளிட்டுப் போகும்.

சுருள்கம்பி:
அந்த ஒரே வெட்டு வித்தையை இத்தனை வருஷம் தெரியாமலே இருந்திருக்கேன். நான் ரெண்டையும் தனித்தனியா அளந்து வெட்டி, நடுவுல தெரியற மரத்துக்கு மார்க்கர் பேனாவால கருப்பு தீட்டிட்டு இருந்தேன்.

டிக்கித்தாளம்:
சின்ன சந்தேகம். வெளியில துணி ஒட்டறதால பாஸ் குறையுமா? ஒருத்தர் குறையும்னு பயமுறுத்துறார்.

இரண்டுஓம்:
குறையாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். 3 மில்லிமீட்டர் துணி இருப்பது அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. பாக்ஸுக்கு உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு அடைத்தால் மாற்றம் வரும், அது வேறு சங்கதி. வெளியில் ஒட்டுவது கண்ணுக்காகவும் உரசலுக்காகவும்தான்.

ஒரே ஒரு இடத்தில் கார்பெட் உண்மையிலேயே ஒலியில் கை வைக்கும். ஸ்பீக்கரின் வளையத்துக்கு அடியில். மூடிய பாக்ஸ் என்றால் காற்று போக வழி இருக்கக் கூடாது. இழைத் துணியை எவ்வளவு இறுக்கினாலும் அதன் ஊடே பக்கவாட்டில் காற்று கசியும். சத்தம் கூட்டினால் புஸ் புஸ் என்று கேட்கும். அதனால் வளையம் உட்காரும் இடத்தில் கார்பெட்டே இருக்கக் கூடாது.

மரத்தூள்:
இதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். காலம் காலமா துணி மேலதான் ஸ்பீக்கரை வெச்சு இறுக்கறேன், இதுவரை யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல.

இரண்டுஓம்:
நீங்கள் செய்தவை பெரும்பாலும் போர்ட் (காற்று போய்வர விடும் ஓட்டை) வைத்த பாக்ஸ்களா?

மரத்தூள்:
ஆமா, அதுதான் ஜாஸ்தி.

இரண்டுஓம்:
அதுதான் விஷயம். கையளவு ஓட்டை ஏற்கெனவே இருக்கும் பாக்ஸில் இந்தக் கசிவு காதில் விழாமல் போகலாம். இவருடையது மூடியது.

செய்முறை எளிது. கார்பெட் ஒட்டியதும் ஓட்டைக்குள் துணியை வெட்டிவிட்டு, ஸ்பீக்கரை அதன் இடத்தில் வைத்து வெளி வளையத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டின் மேலேயே பிளேடை ஓட்டி, உள்ளே இருக்கும் துணி வளையத்தை உரித்தெடுங்கள். மரத்தில் மிஞ்சும் பசையைச் சுரண்டிவிடுங்கள். ஸ்பீக்கரின் கேஸ்கெட் (வளையத்துக்கு அடியில் காற்றை அடைக்கும் மெத்தைப் பட்டை) நேராக மரத்தில் உட்காரும், துணியின் ஓரம் வளையத்தை ஒட்டி நிற்கும். கேஸ்கெட் வரவில்லை என்றால் ஒட்டும் ஃபோம் டேப் போதும்.

மரத்தூள்:
சரி, மூடின பாக்ஸுக்கு அப்படியே செய்யட்டும். போர்ட் இருக்கிறவங்களுக்கு ஒன்னு: ஓட்டைக்குள்ள துணியை மடிச்சு விடாதீங்க, வாயோட நிறுத்திடுங்க. காத்து போற வேகத்துக்கு அது உரிஞ்சு படபடன்னு அடிக்கும்.

டிக்கித்தாளம்:
ஒட்டி முடிச்சேன். மூலை அண்ணன் சொன்ன மாதிரியே உட்கார்ந்துச்சு, ஆளே இல்லாத மாடியில விசில் அடிச்சேன். அடுத்த பத்தாவது நிமிஷம் கண்ணு கலங்கிடுச்சு.

பின்பக்கம் ஒயர் மாட்டற டெர்மினல் கப்புக்கு நாலு ஸ்க்ரூ ஓட்டை போடணும். கார்பெட் மேலயே டிரில்லை வெச்சு அழுத்தினேன். விர்ருன்னு ஒரு சத்தம். பிட்டைச் சுத்தி பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு உருண்டை, பாக்ஸ்ல உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. சுத்தி இருக்கிற துணியும் முறுக்கிட்டு சுருங்கி நிக்குது. கண் மூடித் திறக்கறதுக்குள்ள நடந்துடுச்சு.

நிழல்பார்க்கிங்:
இது எல்லாருக்கும் ஒரு தடவை வர்ற அம்மை மாதிரி. கார்பெட் மேல டிரில் போகக் கூடாது. ஓட்டையைத் துணி ஒட்டறதுக்கு முன்னாடியே போட்டுடணும். மறந்துட்டா பழைய சோல்டரிங் அயர்ன் முனையால அந்த இடத்துல குத்தணும். செயற்கை இழைங்கறதால உருகி ஓரம் கட்டின மாதிரி சுத்தமா ஒரு துளை விழும், அதுக்குள்ள பிட்டை விடலாம். புகையை மோந்துடாதீங்க. அயர்ன் இல்லைன்னா பிளேடால துணியை வட்டமா வெட்டி எடுத்துட்டுப் போடுங்க.

மரத்தூள்:
கலங்காதீங்க. வழுக்கைக்கு மருந்து நேத்தே சொல்லிட்டேன், அந்த ஒரே வெட்டுதான். மீந்த துணியில வழுக்கையை விடப் பெரிய சதுரம் எடுங்க, அம்புக்குறி பார்த்து மேல வெச்சு, ஸ்கேல் வெச்சு ரெண்டையும் சேர்த்து வெட்டுங்க. அடியில இருக்கிற சேதத் துணியை ஹேர் டிரையரால சூடு காட்டி உரிச்சா பசையோட வந்துடும். புதுத் துண்டை அங்க பதிச்சு பிரஷ்ஷால தேய்ங்க. அதுவும் பின்பக்கம்தானே.

டிக்கித்தாளம்:
பதிச்சாச்சு. எங்க ஒட்டுப் போட்டேன்னு எனக்கே விரலால தடவினாத்தான் தெரியுது.

ஸ்பீக்கரை மாட்டிட்டுக் கசிவு பார்க்க என்ன வழி?

இரண்டுஓம்:
கோனின் (ஸ்பீக்கரின் நடுவில் அதிரும் கூம்பு) இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அமுக்கிவிட்டு விடுங்கள். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று போகிறது. தயங்கித் தயங்கி மேலே வந்தால் பாக்ஸ் நன்றாக அடைத்திருக்கிறது.

டிக்கித்தாளம்:
துள்ளுதே சார்.

இரண்டுஓம்:
டெர்மினல் கப்பின் அடியிலும் கார்பெட் இருக்கிறதா?

டிக்கித்தாளம்:
இருக்கு. ஸ்பீக்கருக்கு எடுத்தேன், இதுக்கு எடுக்கணும்னு தோணவே இல்ல.

இரண்டுஓம்:
அங்கேதான். கையை ஈரமாக்கிக் கப்பின் ஓரத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கோனை அமுக்குங்கள், காற்று சில்லென்று படும். கப்பின் அடியிலும் துணியை உரித்துவிட்டு ஃபோம் டேப்போ சிலிக்கோனோ வையுங்கள். சிலிக்கோன் என்றால் புளித்த வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து கிளம்பும் அசிட்டிக் அமிலம் செம்பு ஒயரைப் பச்சை பூக்க வைக்கும். எந்த வகையானாலும் ஒரு நாள் காயவிட்டு, வாடை போன பிறகு ஸ்பீக்கரை மூடுங்கள்.

சுருள்கம்பி:
காருக்குள்ள வெச்சதும் சும்மா விட்டுடாதீங்க. காந்தத்தோட சேர்த்து அது நல்ல கனம். திடீர் பிரேக்ல பின் சீட்டை நோக்கிப் பாயும். அடியில எல் கிளாம்ப்போ பட்டையோ போட்டுக் கட்டிடுங்க. உங்க டிக்கியும் கார்பெட் விரிச்சதுதான்னா, ஒட்டுப் பட்டையோட (வெல்க்ரோ) சொரசொரப்பான பாதியைப் பாக்ஸ் அடியில வெச்சா திருப்பத்துல பக்கவாட்டுல நகராம பிடிச்சுக்கும். ஆனா பிரேக்குக்கு அது காணாது, கட்டத்தான் வேணும்.

டிக்கித்தாளம்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். கப்புக்கு அடியில ஃபோம் டேப் போட்டேன், இப்ப கோனை அமுக்கினா சோம்பேறி மாதிரி மெதுவா எழுந்து வருது. வேணும்னே ரெண்டு நாள் முழு வெயில்ல காரை நிறுத்திப் பார்த்தேன். தொப்பை எதுவும் விழல. வலது பக்கக் கீழ் விளிம்புல மட்டும் ஒரு விரல் நீளத்துக்குத் தூக்கியிருக்கு. அங்க ரெண்டாவது பூச்சு போட்ட ஞாபகமே இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை அதைப் பிரிச்சு ஒட்டிடுவேன். துணி ஓரமா ஒரு முழத்துக்கு மிஞ்சியிருக்கு, யாருக்காவது ஒட்டுப் போட வேணும்னா சொல்லுங்க.

பழையகேசட்:
அந்த மீதி என்ன அகலம்?

டிக்கித்தாளம்:
20 செ.மீ. இருக்கும். உங்களுக்கு எதுக்குங்க, நீங்க பெயிண்ட் கட்சி ஆச்சே?

பழையகேசட்:
பெயிண்ட் அடிச்ச பாக்ஸ் டிக்கியில கிடந்து கடகடங்குது. அடியில வைக்க.